கேப்டன் தண்ணீர் தூக்கிய காலம்

அஞ்சலை என்றால் எங்கள் காஜா பெராங் பக்கத்தில் எல்லோரும் முதலில் அவளுடைய தையலைத்தான் சொல்வார்கள். மலாய் பேசும் கம்போங் செட்டித் தமிழ்ப் பெண்கள் உடுத்தும் கெபாயாச் சட்டையை அவளைப்போல் கச்சிதமாகத் தைக்க மலாக்கா டவுனில் ஆள் கிடையாது என்பார்கள். இருக்கலாம். எனக்குத் தையலைப் பற்றி ஒன்றும் தெரியாது, நான் சைக்கிள் கடைக்காரன். எனக்குத் தெரிந்தது அவளுடைய கோபம். சிலருடைய கோபம் பாலைப்போல் பொங்கி அடங்கிவிடும். இவள் தன்னுடையதை வருஷக்கணக்கில் சிறுதீயில் வைத்திருந்தாள். பெண்பிள்ளைக்கு இவ்வளவு வன்மம் ஆகாது என்று சொன்னவர்களும் உண்டு. சொன்னவர்கள் யாரும் அவள் இடத்தில் நின்று பார்த்தவர்கள் இல்லை. நான் அன்றும் அவள் பக்கம், இன்றும் அவள் பக்கம்.

அவளுடைய புருஷன் மருதமுத்து புக்கிட் ரம்பாய்ப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, டவுனுக்கு வந்து ஓர் ஆபீஸில் பியூனாக இருந்தவன். ஜப்பான் சண்டைக்கு முன்னால் நடந்த கதை இது. சாயங்காலம் பாடாங் மைதானத்தில் மார்னிங் ஸ்டார் கிளப்காரர்கள் கிரிக்கெட் பழகுவார்கள். அவர்களுக்குப் பந்து போட்டுப் பழக்கியவன் மருதமுத்துதான். அவன் பந்தைத் தொடுவதற்கே அவர்கள் திணறுவார்களாம். ஆனால் மேட்ச் என்று வந்துவிட்டால் அவன் பன்னிரண்டாவது ஆள். பதினொரு பேர் ஆடுவார்கள், அவன் வெளியே உட்கார்ந்திருந்து இடையில் தண்ணீர்த் தட்டை ஏந்திக்கொண்டு போவான். கிராணிகள், அதாவது ஆபீஸ் குமாஸ்தாக்கள், மட்டும்தான் ஆடலாம் என்பது கிளப்பின் விதி. விடுமுறைக்கு வந்த துரையின் மைத்துனனுக்கு மட்டும் அந்த விதி சத்தமில்லாமல் வளைந்து கொடுத்தது, அது வேறு விஷயம்.

விதியை வளைத்தவரும் வளைக்காதவரும் ஒரே ஆள்தான், கேப்டன் கலியாணசுந்தரம். நல்ல உயரம், நல்ல இங்கிலீஷ், தலையில் எப்போதும் எண்ணெய்ப் பளபளப்பு. மட்டை பிடித்தால் அழகாக ஆடுவார், அதை நான் மறுக்கவில்லை. ஊரில் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டவர் யாரும் இல்லை. கிளப் போய், மைதானம் போய், தலைமுடியும் போன பிறகும் அவர் கேப்டன்தான்.

அஞ்சலை ஒவ்வொரு வருஷமும் புருஷனுக்கு வெள்ளைச் சட்டையும் வெள்ளைப் பேன்ட்டும் தைத்துக் கொடுப்பாள். இந்த வருஷமாவது ஆட விடுவார்கள் என்று நினைப்பு. ஒருநாள் அவள் சோறு கொண்டு போனபோது மருதமுத்து கேப்டனிடம் கேட்டுக்கொண்டிருந்தான், ஒரே ஒரு மேட்ச் என்று. கேப்டன் எல்லோர் முன்னாலும் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "தண்ணி தூக்கறவன் தண்ணிதான் தூக்கணும்" என்றாராம். மருதமுத்து சிரித்துவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போனான். அஞ்சலை சிரிக்கவில்லை. அன்றைக்கு அடுப்பில் வைத்ததுதான்.

பிறகு ஜப்பான்காரன் வந்தான். மருதமுத்துவைச் சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டு போனான். போனவர்களில் திரும்பி வந்தவர்களை விரல்விட்டு எண்ணலாம், அவர்களில் மருதமுத்து இல்லை. பிள்ளை குட்டியும் கிடையாது. அஞ்சலை தன் தையல் மெஷினைக் கொண்டுவந்து என் கடை வாசலில் அஞ்சடி நடைபாதையில் போட்டுக்கொண்டாள். நான் வாடகை கேட்கவில்லை, அவளும் என் சட்டைக்குப் பொத்தான் வைத்துக் கொடுக்கக் கூலி கேட்கவில்லை.

என் கடையின் பின்னறையில்தான் லீக் நடந்தது. அதைச் சொல்லாமல் மற்றது புரியாது. ஜப்பான்காரன் காலத்தில் பாடாங்கில் ஆட்டம் நின்று, பிட்ச் இருந்த இடத்தில் மரவள்ளி முளைத்துவிட்டது. கிரிக்கெட் இல்லாமல் கை நமைச்சல் எடுத்த கிராணிகள் சிலர் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் பின்னறைப் பளிங்கு மேஜையில் பகடை உருட்டி ஆட ஆரம்பித்தார்கள். ஆடியது யார்? சண்டைக்கு முன்னால் மலாக்காவில் ஆடிய பழைய டீம்கள். ஆளுக்கொரு டீமை எடுத்துக்கொண்டார்கள். ஒருவரிடம் ஒரு காலத்து ரயில்வேக்காரர்கள், ஒருவரிடம் பழைய ஆஸ்பத்திரி டீம், ஒருவரிடம் மார்னிங் ஸ்டார். பழைய பேப்பர்களில் வந்த ஸ்கோரைப் பார்த்து ஒவ்வோர் ஆட்டக்காரனுக்கும் ஓர் அட்டை எழுதினோம். அட்டையின் மேல்பாதி அவனுடைய பேட்டிங், கீழ்பாதி பவுலிங். பந்து போடுகிற டீம்காரர் இரண்டு பகடையை உருட்ட, விழுந்த எண்ணை ஆடும் இருவர் அட்டையிலும் பார்த்தால் ரன்னா அவுட்டா என்று தெரியும். நல்ல ஆட்டக்காரன் அட்டையில் நாலும் ஆறும் நிறைய இருக்கும், சொத்தை ஆட்டக்காரன் அட்டையில் அவுட் நிறைய இருக்கும். அவ்வளவுதான் வித்தை.

வெறும் பொழுதுபோக்கு என்று ஆரம்பித்தது, சண்டை முடிந்தும் முடியவில்லை. வெள்ளைக்காரன் திரும்பி வந்தான், அவசரகாலம் வந்தது, ஊரடங்கு வந்தது, லீக் மட்டும் வருஷா வருஷம் நடந்தது. சயாமுக்குப் போய்த் திரும்பாதவன் என் மேஜையில் ஞாயிற்றுக்கிழமை செஞ்சுரி அடிப்பான். அவன் பெண்டாட்டி திங்கட்கிழமை வந்து, "நேத்து இவரு என்னண்ணே அடிச்சாரு?" என்று கேட்டுவிட்டுப் போவாள். சிரிக்காதீர்கள். நான் பொய் சொல்லாமல் ஸ்கோர் சொல்வேன், டக் அவுட் ஆனாலும் சொல்வேன்.

இப்படி மற்றவர்கள் வந்து கேட்பதை அஞ்சலை மெஷினில் உட்கார்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை எழுந்து பின்னறைக்கே வந்துவிட்டாள்.

"அண்ணே, எங்க வீட்டுக்காரரு அட்டை எந்த டீமுல இருக்கு?"

பேப்பரில் ஸ்கோர் வந்தவனுக்குத்தான் அட்டை. அது நாங்கள் முதல்நாளே எழுதிய விதி. நான் எப்படிச் சொல்வது என்று யோசிப்பதற்குள், மேஜையில் ஒரு டீம் நடத்திக்கொண்டிருந்த கேப்டன் முந்திக்கொண்டார்.

"அவனுக்கு ஏதும்மா அட்டை? ஒரு மேட்சாவது ஆடியிருந்தாத்தான பேப்பர்ல பேரு வரும்? தண்ணி தூக்குனவனுக்கெல்லாம் எழுதுனா, அப்புறம் கோப்பி கொண்டாற சீனனுக்கும் எழுதணும்."

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அஞ்சலை யார் யார் சிரித்தார்கள் என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டு மெஷினுக்குத் திரும்பிவிட்டாள். அன்று அவள் மெஷினை மிதித்த சத்தத்தில் எனக்குப் பகடை விழும் சத்தமே கேட்கவில்லை.

கொஞ்ச நாளில் ஆஸ்பத்திரி டீமை வைத்திருந்த தேவதாஸ் வேலை ஓய்வு பெற்று ஊருக்குக் கப்பல் ஏறினார். அவருடைய டீமை என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார், யாராவது நல்ல கைக்குக் கொடு என்று. அஞ்சலை வந்து கை நீட்டினாள்.

"பொம்பளைக்கு என்ன கிரிக்கெட்டு?" என்று கேப்டன் சிரித்தார்.

"ஒங்களுக்கு என்ன பயம்?" என்றாள் அவள்.

நான் டீமைக் கொடுத்துவிட்டேன். என் கடை, என் மேஜை. யார் என்னைக் கேட்பது? சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே நடத்தினாள். இத்தனை வருஷமாகச் சுவருக்கு இந்தப் பக்கம் நடந்ததெல்லாம் அந்தப் பக்கம் அவள் காதில் விழுந்துகொண்டுதானே இருந்தது? யாரை முதலில் இறக்குவது, யாரைப் பந்து போட வைப்பது எல்லாம் அவளுக்கு அத்துப்படி. இரண்டு வருஷத்தில் கோப்பையையும் ஜெயித்தாள். நானும் அவள் கோபம் தணிந்துவிட்டது என்று நினைத்தேன். எனக்கும் புத்தி அவ்வளவுதான்.

எங்கள் லீக்கில் ஒரு கண்டிப்பான வழக்கம் இருந்தது. முன்பு ஆடிய ஆட்கள் சிலர் உயிரோடு எங்களுடனேயே உட்கார்ந்து டீம் நடத்தினார்கள் அல்லவா? தன்னுடைய அட்டையைத் தானே வைத்துக்கொள்ளக் கூடாது. வைத்துக்கொண்டால் தன்னையே முதலில் இறக்குவான், தன்னையே பந்து போட விடுவான், நாள் முழுக்கத் தன் புராணம்தான். அதனால் ஒருவனுடைய பழைய வாலிபம் இன்னொருவன் கையில்தான் இருக்கவேண்டும். கேப்டன் நடத்தியது ரயில்வே டீம். அவருடைய சொந்த அட்டை மார்னிங் ஸ்டாரில், கம்போங் செட்டி தெய்வநாயகம் செட்டியின் கையில் இருந்தது. தெய்வநாயகத்துக்குத் தமிழ் அரைகுறைதான், பேச்செல்லாம் அவர்களுடைய மலாய். நல்ல மனுஷர். கேப்டன் அட்டையை முதல் ஆளாக இறக்குவார். கேப்டன் தன் டீம் தோற்றாலும் பரவாயில்லை என்று, எதிர் டீமில் தான் அடிக்கும் ஒவ்வொரு நாலுக்கும் மேஜையைத் தட்டுவார். அப்படி ஓர் ஆசை தன்மேல்.

அந்த அட்டையில் இன்னொரு விசேஷமும் உண்டு. கேப்டன் பேட்ஸ்மேன், பந்து போடாதவர். ஆனால் முப்பத்தேழாம் வருஷம் சிரம்பான் டீமோடு நடந்த ஒரு மேட்சில் எண்பது ரன்னுக்கு மேல் அடித்ததோடு ஏழு விக்கெட்டும் எடுத்ததாகப் பேப்பர் கொட்டை எழுத்தில் போட்டது. அந்த மேட்சுக்குப் பிறகுதான் ஆபீஸில் அவருக்குப் பெரிய நாற்காலி கிடைத்தது என்பார்கள். அந்த ஒரே மேட்சால் அவர் அட்டையின் கீழ்பாதி எங்கள் லீக்கிலேயே முதல்தரமான பவுலிங். பிறகு ஏன் பந்தே போடவில்லை என்று கேட்டால், தோள்பட்டையைப் பிடித்துக்கொண்டு வலி என்பார். நான் அப்போது மூவாரில் வேறொருவர் கடையில் டயர் ஒட்டிக்கொண்டிருந்தேன், மேட்சைப் பார்க்கவில்லை. பார்த்தவர்கள் சிலர் சண்டையில் போனார்கள், சிலர் ஊரை விட்டே போனார்கள்.

வருஷா வருஷம் தைப்பூசம் முடிந்த ஞாயிறு ஆள் மாற்றிக்கொள்ளும் நாள். அந்த வருஷம் அஞ்சலை தெய்வநாயகத்துக்கு முன்னால் தன் டீமின் தலையான மூன்று அட்டைகளை வைத்தாள். பதிலுக்குக் கேட்டது ஒரே அட்டை, கேப்டனுடையது. தெய்வநாயகம் அவளையும் அட்டைகளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அவள் மனசு மாறுவதற்குள் எடுத்துக்கொண்டார்.

கேப்டனுக்குத் தலைகால் புரியவில்லை. மூன்று பேருக்கு ஈடாகத் தன்னை ஒருத்தி கேட்டு வாங்கியிருக்கிறாள்! அடுத்த ஞாயிறு இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம் வேறு. அஞ்சலை அட்டைகளை வரிசையாக வைத்தாள். பதினொன்று வைத்து முடித்துவிட்டாள். கேப்டன் அட்டை கையிலேயே இருந்தது.

"கேப்டன் பன்னண்டாவது ஆளு" என்றாள்.

எங்கள் மேஜையில் பன்னிரண்டாவது ஆளின் அட்டையைக் கோப்பிக் கிளாஸுக்கு அடியில் வைப்பது வழக்கம். தண்ணீர் தூக்குகிறவன் தூக்கட்டும் என்று கேலியாக ஆரம்பித்தது. ஆரம்பித்துவைத்த மகானும் கேப்டனேதான். அஞ்சலை அட்டையைப் போட்டு, அதன்மேல் பால் விடாத கோப்பி ஓ ஆவி பறக்கும் கிளாஸை நங்கென்று வைத்தாள். கேப்டன் முகத்தைப் பார்க்கவேண்டுமே! எனக்கு உள்ளுக்குள் வெடி வெடித்தது. ஸ்கோர் எழுதுகிறவன் சிரிக்கக்கூடாது என்று குனிந்துகொண்டேன்.

"அஞ்சலை, வெளையாட்டா? நான் ஓப்பனிங் ஆடறவன்."

"தண்ணி தூக்கறவன் தண்ணிதான் தூக்கணும் கேப்டன். யாரோ பெரிய மனுஷரு சொன்னது."

அந்த வருஷம் முழுக்க அவர் கிளாஸுக்கு அடியில் இருந்தார். அடுத்த வருஷமும் இருந்தார். அதற்கடுத்த வருஷமும் அப்படியே. ஆட்டத்தின் நடுவில் இடைவேளை விட்டால் அவள் கிளாஸைத் தூக்கி, அட்டையைப் பார்த்து, "கேப்டன், தண்ணி கொண்டாங்க" என்பாள். பிறகு குடித்துவிட்டு மறுபடியும் அட்டைமேல் வைப்பாள். அவர் அவளுக்கு நேர் எதிரே உட்கார்ந்து ரயில்வேக்கு ஆள் இறக்கிக்கொண்டிருப்பார். அட்டையில் கறுப்பு வளையம் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக்கொண்டே போனது. மூன்று நல்ல ஆட்களைக் கொடுத்துவிட்டு ஒருவனை உட்காரவும் வைத்தால் டீம் ஜெயிக்குமா? தோற்றுக்கொண்டே இருந்தாள். அதில் அவளுக்கு ஒரு வருத்தமும் இல்லை.

கேப்டன் வராமல் இருந்திருக்கலாமே என்று கேட்பீர்கள். மனுஷரால் முடியவில்லை. இந்த ஞாயிறாவது இறக்கமாட்டாளா என்று வந்து வந்து பார்த்தார். மருதமுத்துவும் அப்படித்தானே வெள்ளைப் பேன்ட்டைப் போட்டுக்கொண்டு போனான்?

முதலில் நயமாகப் பேசினார். தீபாவளிக்குச் சேலை அனுப்பினார், அவள் அதைத் திரைச்சீலையாக வெட்டித் தைத்து என் கடை ஜன்னலுக்குப் போட்டாள். பிறகு வேறு வழியில் இறங்கினார். அஞ்சடியில் மெஷின் போட்டு நடைபாதையை மறிக்கிறாள் என்று முனிசிபல் ஆபீஸுக்குப் புகார் போயிற்று, ஆள் வந்து எடுக்கச் சொன்னான். யார் எழுதிப் போட்டது என்று கண்டுபிடிக்கப் பெரிய மூளை வேண்டியதில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் பழைய டயர்களையெல்லாம் கொல்லைக்கு வீசிவிட்டு, மெஷினைத் தூக்கிவந்து கடைக்கு உள்ளேயே, பின்னறை வாசலுக்குப் பக்கத்தில் போட்டேன். இப்போது அவள் உட்கார்ந்த இடத்திலிருந்தே மேஜை தெரிந்தது. கேப்டன் தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டார்.

ஐம்பத்தேழாம் வருஷம் வந்தது. ஊர் முழுக்க மெர்டேக்காவுக்கு, நாட்டின் சுதந்திரத்துக்கு, கொடியும் தோரணமும். அஞ்சலைக்குக் கொடி தைக்கவே நேரம் போதவில்லை. வெள்ளைக்காரத் துரைமார் பெட்டி கட்டினார்கள். அவர்களை நம்பியிருந்த கேப்டனும் ஓய்வு வாங்கிக்கொண்டு, செப்டம்பர் கப்பலில் இந்தியாவுக்குப் போவதாகச் சொன்னார். அந்த வருஷ இறுதி ஆட்டம் மெர்டேக்காவுக்கு முந்தின ஞாயிறு. எப்படியோ தத்தளித்து அஞ்சலையின் ஆஸ்பத்திரி டீமும் கேப்டனின் ரயில்வேயும் அதில் மோதின.

ஆட்டம் தொடங்குவதற்கு முன் கேப்டன் அவள் மெஷின் பக்கத்தில் போய் நின்றார். நான் அவ்வளவு தணிந்த குரலில் அவர் பேசிக் கேட்டதே இல்லை.

"அஞ்சலை, இதுதான் கடைசி. நான் போயிட்டா திரும்பி வரமாட்டேன். ஒரே ஒரு தடவை என்னை எறக்கு. நான் ஆடறத ஒரு தடவை பாத்துட்டுப் போயிடறேன்."

"ஒரே ஒரு மேட்சா?" என்றாள் அவள். ஊசியில் நூல் கோத்துக்கொண்டே கேட்டாள்.

"ஒரே ஒரு மேட்ச்."

"எங்க வீட்டுக்காரரும் அதத்தான் கேட்டாரு."

அவ்வளவுதான். எழுந்து வந்து, அட்டையைப் போட்டு, கிளாஸை வைத்தாள்.

ஆஸ்பத்திரி முதலில் ஆடி ஓரளவு ரன் எடுத்தது. பிறகு ரயில்வே அடிக்க ஆரம்பித்தது. அஞ்சலையிடம் பந்து போட ஆள் இல்லை, போட்டவர்களையெல்லாம் துவைத்துக் காயப்போட்டார்கள். கிளாஸுக்கு அடியில் ஏழு விக்கெட் சும்மா கிடக்கிறது. தெய்வநாயகத்துக்கே பொறுக்கவில்லை. "காசி மாயின் லா" என்றார், ஆடவிடேன் என்று. கிளாஸைக் கையால் காட்டிக் காட்டிக் கெஞ்சினார். அஞ்சலை கோப்பியை ஒரு வாய் குடித்துவிட்டு மறுபடியும் அட்டைமேல் வைத்தாள். ரயில்வே ஜெயித்துவிட்டது.

கோப்பை கேப்டனுக்கு. ஒருவரும் கை தட்டவில்லை. அவரும் கோப்பையைத் தொடவில்லை, கண் கிளாஸின் மேலேயே இருந்தது. அஞ்சலை சிரித்தாள். நான் பார்த்து அவள் அப்படி வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

"நான் தோத்துட்டேன் கேப்டன். நீங்க ஜெயிச்சிட்டீங்க. ஆனா பாருங்க, கப்பல் ஏறுற வரைக்கும் நீங்க தண்ணிதான் தூக்குறீங்க."

கேப்டனுக்கு முகம் கறுத்தது. எழுந்து நின்று மேஜையை ஓங்கி அறைந்தார்.

"முட்டாப் பொம்பள! இத்தன வருஷமா நீ யாரத் தண்ணி தூக்க வச்சிருக்கன்னு ஒனக்குத் தெரியுமா? அந்த ஏழு விக்கெட்டு யாரு எடுத்ததுன்னு நெனச்ச? நானா? நான் பேட் பண்ணி முடிச்சிட்டு தொரை பங்களாவுக்கு டீ குடிக்கப் போயிட்டேன். ஒம் புருஷன்தான் எம் பேர்ல எறங்கிப் பந்து போட்டான். சிரம்பான்காரனுக்கு யாரு மூஞ்சி தெரியும்? ஒம் புருஷன நீயே உக்கார வச்சிருக்க! ஒக்காந்து கோப்பி வேற குடிக்கிற!"

அவர் அதை அவளைக் கொல்லத்தான் சொன்னார். கத்தியைத் தன் பிடரியிலும் சேர்த்தே செருகிக்கொண்டார் என்பது சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே உறைத்தது. மெல்ல நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

அஞ்சலை என்னைப் பார்த்துத்தான் பேசினாள், அவரை அல்ல.

"அண்ணே, சிரம்பான் மேட்ச் அன்னிக்கு எங்க வீட்டுக்காரரு திரும்பி வந்தப்ப பேன்ட்டு தொடைமேல செவப்பா தீத்தியிருந்துச்சி. வெத்தல எச்சின்னு நெனச்சி நான் வாயில வந்தபடி ஏசினேன். தண்ணி தூக்கப் போற எடத்துல வெத்தல என்ன வேண்டிக்கெடக்குன்னு. அவரு ஒண்ணுமே சொல்லல. சிரிச்சிக்கிட்டே இருந்தாரு. நான் எலுமிச்சம்பழம் போட்டுத் தேச்சித் தேச்சி எடுத்தேன்."

பந்து போடுகிறவன் சிவப்புப் பந்தைத் தொடையில்தான் தேய்ப்பான். அந்த மேஜையில் இருந்த ஒவ்வொருவருக்கும் அது தெரியும். வெளியே சொன்னால் வேலை போய்விடும் என்று மருதமுத்துவின் வாயைக் கட்டியிருக்கிறார்கள். அவன் அதைப் பெண்டாட்டியிடம்கூடச் சொல்லாமல் சயாமுக்குக் கொண்டுபோய்விட்டான்.

அவள் கிளாஸைத் தூக்கித் தரையில் வைத்தாள். அட்டையை எடுத்து முந்தானையால் துடைத்தாள். கீழ்பாதியில், ஏழு விக்கெட் எண்களின்மேல்தான் கோப்பி வளையம் கனமாகப் படிந்திருந்தது. விரலால் தேய்த்தாள், எச்சில் தொட்டுத் தேய்த்தாள். போகவில்லை. எந்தத் துணியில் எந்தக் கறை பட்டாலும் எடுத்துவிடுகிறவள், அந்த அட்டையை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தாள். அவள் அழுததை நான் பார்த்தேன். மற்றவர்களும் பார்த்தார்கள்.

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு மெஷினுக்குப் போய்க் கத்தரிக்கோலை எடுத்துவந்தாள். அட்டையை நடுவில், ஒரே வெட்டு. மேல்பாதியைக் கேப்டன் முன்னால் தள்ளினாள்.

"இது ஒன்னோடது. எடுத்துக்கிட்டுப் போ."

அதுவரை அவள் அவரை நீ என்று சொல்லி நான் கேட்டதில்லை.

"கிழிஞ்ச அட்ட செல்லாது" என்று கேப்டன் முனகினார். "பேப்பர்ல எம் பேருதான் வந்திருக்கு. நல்லையா, விதியச் சொல்லு" என்று என் பக்கம் திரும்பினார்.

சொன்னேன். "பேப்பர்ல வந்தவருதான் இப்ப இத்தன பேரு முன்னால வாயத் தொறந்து, நான் போடலன்னு சொல்லிட்டாரே. அந்த ஏழு விக்கெட்ட நான் எங்க எழுதறது? என் தலையிலயா?" எனக்கு அன்றைக்கு வந்த கோபத்துக்கு அவரைச் சைக்கிள் செயினால் கட்டி ஆற்றில் போட்டிருப்பேன்.

புது அட்டை அப்போதே எழுதினேன். மேலே மருதமுத்து என்று பேர் போட்டேன். பேட்டிங் பாதி வெறுமை, அவன் மட்டை பிடித்த ஸ்கோர் எங்கும் இல்லை. கீழே சிரம்பான் மேட்சின் ஏழு விக்கெட்.

மெர்டேக்கா வந்து போனது. கப்பலுக்கு முந்தின வாரம் கேப்டன் கடைக்கு வந்து, தன் பாதி அட்டையை நீட்டினார். அதை ஒழுங்காக எழுதி லீக்கில் வைத்துவிடச் சொன்னார், தான் இல்லாவிட்டாலும் தன் பேர் ஆடட்டும் என்று. நான் நியாயமாகவே நடந்துகொண்டேன். தன் அட்டையைத் தானே வைத்துக்கொள்ளக் கூடாது, யாராவது வாங்கிக்கொண்டால் எழுதித் தருகிறேன் என்றேன். அவர் ஒவ்வொருவரிடமும் போனார். வாங்கிக்கொள்ள எல்லோருமே தயார்தான். நல்ல மனுஷரான தெய்வநாயகம்கூடத் தயார். ஆனால் எல்லோரும் ஒரே பேச்சு, பன்னிரண்டாவது ஆளாகத்தான் வைப்போம் என்று. அவர் பாதி அட்டையைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு கப்பல் ஏறினார். எனக்கு இரக்கம் வரவில்லை. அவளுக்கும் வரவில்லை என்று அவளே சொன்னாள்.

தைப்பூசம் முடிந்து புது வருஷத்து ஆட்டம் தொடங்கியது. அஞ்சலை அன்று வெள்ளைப் புடவை கட்டி வந்தாள். வழக்கத்துக்கு மாறாகப் பின்னறை வாசலில் பெண்கள் சிலரும் வந்து நின்றார்கள், தங்கள் புருஷன்மார் ஸ்கோரைத் திங்கட்கிழமை வந்து கேட்டுக்கொண்டு போகிறவர்கள்.

"யாரு மொதல் ஓவர்?" என்று ஸ்கோர் எழுதுகிறவன் முறையில் கேட்டேன். எனக்குத் தெரியாததா?

"மருதமுத்து" என்றாள். புருஷன் பேரை அவள் வாயால் சொல்லி அன்றுதான் கேட்டேன்.

பகடையை உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டு கொஞ்சநேரம் இருந்தாள். உருட்டினாள். நான் அட்டையைப் பார்த்தேன். எனக்கு அதை வாய்விட்டுச் சொல்லவே மனசு வரவில்லை, பொய் சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தேன். முதல் பந்திலேயே நாலு போயிருந்தது.

"நாலு ரன்னும்மா" என்றேன். "அடிச்சிட்டான்."

"அடிச்சா அடிச்சிட்டுப் போறான் அண்ணே" என்று அவள் மறுபடியும் பகடையை எடுத்தாள். "எங்க வீட்டுக்காரரு ஆடறாருல்ல?"